லூசிட்டேனியன்: கவிஞருக்கும் நத்தைக்கும் பொதுவாக ஒரு பெயர்

இந்த மாதச் சொல் கொஞ்சம் வாயில் நுழையாத சொல். லூசிட்டேனியன். ஆங்கில அகராதியைப் புரட்டினால் இதற்கு இரண்டு பொருள் கிடைக்கும். ஒன்று, போர்த்துகல் நாட்டைச் சேர்ந்தது என்பதைக் கவிதை நடையில் சொல்வது. நாம் மதுரையைக் கூடல் என்று சொல்வோமே, அந்த மாதிரி. இன்னொன்று, போர்த்துகல், ஸ்பெயின் கரையிலும் அங்கிருந்து வடக்கே அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் வாழும் சில செடிகளுக்கும் உயிரினங்களுக்கும் விஞ்ஞானிகள் வைத்த அடைமொழி.

ஒரு நாட்டின் பெருமையைப் பாடப் பிறந்த சொல் எப்படி ஒரு நத்தையின் மேல் போய் ஒட்டிக்கொண்டது? அதைத்தான் இந்த மாதம் பார்க்கப் போறோம். கூடவே, நம்ம பிள்ளைகளை எந்தச் சொல்லால் சொல்வது என்ற பழைய தலைவலியையும் கொஞ்சம் கிளறலாம்.

முதலில் சொல் பிறந்த இடம். லூசிட்டேனியர் என்பவர்கள் ஐபீரியத் தீபகற்பத்தின் மேற்குப் பக்கம் வாழ்ந்த பழைய மக்கள். ரோமானியப் படையை வருஷக்கணக்கில் திணற அடித்தவர்கள். விரியாத்துஸ் என்ற தலைவரைப் போரில் ஜெயிக்க முடியாமல், கி.மு. 139-ல் அவருடைய ஆட்களையே விலைக்கு வாங்கிக் கொன்றது ரோம். பிறகு நிலத்தைப் பிடித்து, தோற்றவர்களின் பெயரையே மாகாணத்துக்கும் வைத்தது. லூசிட்டேனியா.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மாகாணத்தின் தலைநகர் இன்றைய மெரிதா. அது இருப்பது ஸ்பெயினில். அதே நேரம் போர்த்துகலின் வடபகுதி, அதாவது டோரோ ஆற்றுக்கு வடக்கே இருக்கும் ஊர்கள், பழைய லூசிட்டேனியாவுக்குள் வரவே இல்லை. எங்க சாப்ட்வேர் பாஷையில் சொன்னால், இரண்டு டேபிளையும் ஜாயின் பண்ணிப் பார்த்தால் நிறைய வரிசை பொருந்தாது. ஆனாலும் சொல் பொருந்திவிட்டது. ஏன்னா அதைப் பொருத்தியது வரைபடம் போடுகிறவர்கள் இல்லை, புலவர்கள்.

1572-ல் லூயிஸ் டி கமோய்ன்ஸ் என்ற கவிஞரின் காவியம் லிஸ்பனில் அச்சானது. வாஸ்கோ ட காமா 1498-ல் கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்த பயணத்தைப் பத்துக் காண்டங்களில் பாடும் நூல். அதன் பெயர் 'ஓஸ் லூசியாதாஸ்'. மது தெய்வமான பாக்கஸின் தோழன் என்று புராணம் சொல்லும் லூசுஸ் என்பவரின் வழியில் வந்தவர்கள் என்று அர்த்தம். அன்றிலிருந்து போர்த்துகீசியர்கள் தங்களை உயர்வாகச் சொல்லிக்கொள்ள எடுக்கும் சொல் இதுதான்.

கமோய்ன்ஸ் யார் என்று பார்த்தால் நமக்கு அவர் ரொம்பப் பக்கத்தில் வந்துவிடுவார். 1553-ல் கோவாவுக்குக் கப்பல் ஏறினார். ஊர் திரும்பியது 1570-ல். பதினேழு வருஷம் வெளிநாடு. தன் மொழியின் மிகப் பெரிய காவியத்தை எழுதியவர் நம்மைப் போலவே ஊரை விட்டுத் தள்ளி உட்கார்ந்து ஊரை நினைத்துக்கொண்டிருந்த ஒரு மனுஷன். அவர் இறந்த ஜூன் 10-தான் இன்று போர்த்துகலின் தேசிய நாள். அந்த நாளின் முழுப்பெயரில் மூன்று பேருக்கு இடம் கொடுத்திருக்காங்க: போர்த்துகலுக்கு, கமோய்ன்ஸுக்கு, உலகெங்கும் இருக்கும் போர்த்துகீசியச் சமூகங்களுக்கு. ஒரு தேசிய நாள் பாதி கவிஞருக்கும் பாதி வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் ஒருத்தர் லக்சம்பர்க்கில் பிறந்தவர். அங்கே வாழும் வெளிநாட்டவரில் மிகப் பெரிய கூட்டம் போர்த்துகீசியர்தான். அவருடைய அப்பா கட்டட வேலைக்குப் போனவர். "நீ போர்த்துகீசியனா, லக்சம்பர்க்காரனா?" என்று கேட்டால் அலட்டிக்கொள்ளாமல் ஒரே சொல்லில் பதில் சொல்வார்: லூசோதெசெந்தெந்தே. 'லூசோ வழியில் வந்தவர்' என்று பொருள். வெளிநாட்டில் பிறந்த போர்த்துகீசியப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் குறிக்கிற சொல். பத்திரிகையிலும் வரும், அரசாங்கத் தாளிலும் வரும். அதைச் சொல்லும்போது அவர் குரலில் தற்காப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. ஊர் பேரைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொல்வார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

அதற்காக இந்த 'லூசோ'வை மாலை போட்டு வரவேற்க வேண்டியதில்லை. பெருமைச் சொற்களுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1950-களில் சலாசாரின் சர்வாதிகார அரசு ஆப்பிரிக்கக் காலனிகளை விடாமல் வைத்துக்கொள்ளச் சொன்ன நியாயங்களில் ஒன்றின் பெயர் 'லூசோ வெப்பமண்டலக் கொள்கை'. போர்த்துகீசியர்கள் மற்ற ஐரோப்பியரைப் போல் இல்லை, போன இடத்தில் அன்பாகக் கலந்து வாழ்ந்தார்கள் என்பது அதன் வாதம். கலந்து வாழ்ந்தவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் 1619-ல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தி, பிறகு நல்லூர்க் கோயிலை இடித்ததும் அதே லூசிட்டேனியர்கள்தான். கவிதைச் சொல்லைக் கையில் எடுக்கிற யாரும் அதனால் எதை மூடுகிறோம் என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. இது நமக்கும் சேர்த்துத்தான்.

நம்ம வீட்டுக்குள்ளேயும் அவர்கள் விட்டுப்போன சாமான் நிறைய. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பீப்பாய், மேஸ்திரி எல்லாம் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. ஈழத்து வீடுகளில் பாண், சப்பாத்து, துவாய் என்று பட்டியல் இன்னும் நீளும். நான் தூத்துக்குடிக்காரன். எங்க வகுப்பு வருகைப் பதிவேட்டில் பர்னாந்தும் மச்சாடோவும் மிராண்டாவும் வரிசையாக வருவார்கள். அந்தப் பெயர்கள் வேற்று நாட்டுப் பெயர்கள் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

இன்னொரு தகவல் உங்களுக்காகவே. தமிழில் முதன்முதலில் அச்சான புத்தகம் 1554-ல் வந்தது. வந்த ஊர் லிஸ்பன். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழை ரோமன் எழுத்தில் போட்டு, வரிக்கு வரி போர்த்துகீசிய அர்த்தம் கொடுத்திருந்தார்கள். தமிழ் எழுத்திலேயே புத்தகம் வர 1578 வரை, கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பாட்டிக்கு ரோமன் எழுத்தில் தமிழ் மெசேஜ் அனுப்பும் உங்கள் பிள்ளையை யாராவது குறை சொன்னால், அச்சுத் தமிழே அப்படித்தான் தொடங்கியது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

சரி, இப்போது நத்தைக்கு வருவோம். அதற்கு அயர்லாந்து வரணும்.

நான் இருக்கும் கார்க் பக்கம் லூசிட்டேனியா என்றால் யாருக்கும் ரோம் நினைவுக்கு வராது, கப்பல்தான் வரும். 1915 மே 7 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி அந்தப் பயணிகள் கப்பலை இந்தக் கரைக்குப் பக்கத்தில்தான் மூழ்கடித்தது. பதினெட்டே நிமிஷத்தில் முழுகியது. ஏறத்தாழ 1200 பேர் இறந்தார்கள். பலருடைய கல்லறைகள் கோவ் ஊரில் இருக்கின்றன. ஆனால் இங்கே செடிகொடி பார்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் அதே சொல் வேறு அர்த்தத்தில் வரும். "அதுவா, அது லூசிட்டேனியன் செடி" என்பார்கள்.

விஷயம் இதுதான். அயர்லாந்தின் தென்மேற்கிலும் மேற்கிலும் சில உயிர்கள் இருக்கின்றன. பக்கத்தில் இருக்கும் பிரிட்டனில் அவை இயற்கையாக வளர்வதில்லை. நடுவில் அத்தனை கடலையும் தாண்டினால், வடக்கு ஸ்பெயினிலும் போர்த்துகலிலும் மறுபடி இருக்கின்றன. எதிர்வீட்டில் ஒரு சொந்தமும் கிடையாது, ஆனால் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு முழுக் குடும்பமே இருக்கு என்கிற மாதிரி.

இதில் எல்லாருக்கும் தெரிந்தது ஸ்ட்ராபெரி மரம். பேர்தான் அப்படி, ஸ்ட்ராபெரிக்கும் அதற்கும் உறவில்லை. ஐரிஷில் காஹ்னா மாதிரி ஒரு பெயர். போர்த்துகலில் மெத்ரோன்யெய்ரோ என்பார்கள். அங்கே அல்கார்வ் பகுதியில் இந்தப் பழத்திலிருந்து சாராயம் காய்ச்சுவார்கள். ஸ்பெயினில் மாட்ரிட் நகரத்தின் சின்னத்தில் ஒரு கரடி எக்கி நின்று தொடுவதும் இந்த மரத்தைத்தான். இங்கே அது கில்லார்னி ஏரிக்கரைகளில் வளர்கிறது. பூ பிஞ்சாகிப் பழமாகச் சிவக்க ஒரு வருஷம் ஆகும். அதனால் அக்டோபர், நவம்பரில் போனால் போன வருஷப் பழமும் இந்த வருஷப் பூவும் ஒரே கிளையில் இருக்கும். ருசி பெரிதாக ஒன்றும் இல்லை, நறநறவென்று ரவை மாதிரி இருக்கும். அதன் லத்தீன் பெயருக்கு 'ஒன்றுதான் தின்பேன்' என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினி விளக்கம் சொன்னது சும்மா இல்லை.

அடுத்தது கெர்ரி நத்தை. ஓடு இல்லாத நத்தை. 1842-ல் கெர்ரி மாவட்டத்தில் ஒரு ஏரிக்கரையில் கண்டுபிடித்தார்கள். கருத்த உடம்பில் வெள்ளைப் புள்ளி இருக்கும். காட்டுக்குள் இருப்பவை பழுப்பாக, மஞ்சள் புள்ளியோடு இருக்கும். மழை பெய்தால் பாறை மேல் பாசி தின்ன வரும். பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். அயர்லாந்து தவிர இது இருப்பது வடமேற்கு ஸ்பெயினிலும் வட போர்த்துகலிலும் மட்டும்தான். ஐரோப்பியச் சட்டம் இதற்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது.

கடலிலும் உண்டு. கார்க்கின் தென்மேற்கில் லாக் ஹைன் என்று ஓர் உப்புநீர் ஏரி. 1981-ல் அயர்லாந்தின் முதல் கடல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு காலத்தில் கொத்துக்கொத்தாக இருந்த ஊதாக் கடல் முள்ளெலி தெற்கத்திக் கடலைச் சேர்ந்த உயிர். இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. லிஸ்பனைத் தொட்டு ஓடும் தேஜோ ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு தேரை மீன் இருக்கிறது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே லூசிட்டேனியன் உண்டு. ஆண் மீன் கல்லுக்கு அடியில் கூடு பிடித்து, படகு ஊதுவது போல் சத்தம் எழுப்பிப் பெண்ணை அழைக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். குஞ்சு பொரிக்கும்வரை காவல் அப்பாதான். பெயருக்கு ஏற்ற மாதிரி கவிதையாக இருக்கிற ஒரே லூசிட்டேனியன் இதுதான் என்று நினைக்கிறேன்.

இவை எப்படி அயர்லாந்து வந்தன? இதற்குத்தான் கிட்டத்தட்ட இருநூறு வருஷமாகச் சண்டை. சுமார் 20,000 வருஷங்களுக்கு முன் இந்தத் தீவின் பெரும்பகுதி பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தது. 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கையியலாளர், ஸ்பெயினையும் அயர்லாந்தையும் இணைத்த நிலம் ஒன்று இருந்து கடலில் மூழ்கிப் போயிருக்கும் என்றார். நம்ம குமரிக்கண்டம் மாதிரி ஒரு யோசனை. அப்படி ஒரு நிலம் இருந்ததாக இன்று யாரும் ஏற்பதில்லை. பனி படாத ஏதோ ஓர் ஓரத்தில் இவை ஒண்டிப் பிழைத்திருக்கலாம் என்றார்கள் வேறு சிலர்.

மூன்றாவது பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. மனுஷன் கொண்டு வந்திருக்கலாம். கில்லார்னி ஏரிக்கரையில் ராஸ் ஐலண்ட் என்ற இடத்தில் கி.மு. 2400 வாக்கிலேயே செம்புச் சுரங்கம் இருந்தது. ஸ்ட்ராபெரி மரத்தைக் கொண்டு வந்தவர்கள் அந்தச் சுரங்கத்துக்கு வந்த தெற்கத்திக்காரர்கள்தானோ என்று தாவரவியலாளர்கள் கேட்கிறார்கள். 2013-ல் வந்த ஓர் ஆய்வு, இங்கே சாதாரணமாகக் காணப்படும் ஓடுள்ள தோட்ட நத்தை ஒன்றின் மரபணுவைப் பார்த்தது. பிரிட்டிஷ் நத்தையைவிடப் பிரெனீஸ் மலைப் பக்கத்து நத்தையோடுதான் அதற்கு நெருக்கம் அதிகம். சுமார் 8000 வருஷங்களுக்கு முன் படகில் வந்த மக்களோடு சேர்ந்து வந்திருக்கலாம் என்றார்கள். தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்ததா, தின்பதற்குக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடா என்பது நத்தைக்கே வெளிச்சம்.

போன அக்டோபர் ஸ்கூல் லீவில் எட்டு வயசு மகளோடு கில்லார்னி போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். அவளுக்கு வந்த சந்தேகம் நேரானது. "அப்பா, யாரோ கொண்டு வந்து வச்சதுன்னா இது ஐரிஷ் மரம் இல்லையா?"

அந்த மாதம்தான் வகுப்பில் குடும்ப மரம் வரையச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவள் கேட்டது மரத்தைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் தெரிந்ததைச் சொன்னேன். அயர்லாந்தின் பழைய பிரெஹான் சட்டத்தில் மரங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு, அதில் இந்த மரமும் இருக்கு. இங்கே எல்லாரும் இதைக் கில்லார்னி மரம் என்றுதான் சொல்றாங்க. இதுக்குப் போர்த்துகலில் சொந்தக்காரங்க இருக்காங்க என்பதும் உண்மை. அவள் தலையாட்டிவிட்டு, "அப்போ ரெண்டு பேர் வச்சுக்கலாம்" என்றாள். அப்புறம் பசிக்குதுன்னு சொல்லிட்டா.

இப்போது உங்களிடம் நேராகவே கேட்கிறேன். இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களில் பலர் லண்டனிலோ டொராண்டோவிலோ ஆஸ்லோவிலோ பிறந்து வளர்ந்தவர்கள். உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் குறிக்கத் தமிழில் என்ன சொல் இருக்கு? 'புலம்பெயர் தமிழர்' என்கிறோம். எனக்கு அது சரி. நான் பெயர்ந்தவன்தான், விமான டிக்கெட் சாட்சி. ஆனால் நீங்கள் எங்கே பெயர்ந்தீர்கள்? பிறந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். உங்கள் மகன் பெயர்ந்தானா? பாட்டி வீட்டுக்குப் போனால் 'வெளிநாட்டுப் பிள்ளை', படிக்கிற ஸ்கூலில் 'இந்தியப் பிள்ளை' அல்லது 'இலங்கைப் பிள்ளை'. ஒவ்வொரு சொல்லும் அவன் இல்லாத இடத்தைத்தான் சொல்கிறது.

புலம்பெயர் என்ற சொல்லின் பழைய வாழ்க்கையும் கவனிக்க வேண்டியது. பட்டினப்பாலையில் அது வருகிறது. அங்கே அது ஊரை விட்டுப் போன தமிழரைக் குறிக்கவில்லை. வேறு மொழிகள் பேசிக்கொண்டு, வேறு நாடுகளிலிருந்து காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து அந்த ஊராரோடு கலந்து வாழ்ந்தவர்களைக் குறிக்கிறது. வந்தவர்களைப் பற்றிச் சொன்ன சொல்லை, போனவர்களுக்கு மாற்றி வைத்துக்கொண்டோம். மாற்றியதில் தப்பில்லை, சொல் என்றால் நகரும். அப்படியென்றால் இன்னும் ஒரு தடவை நகர்த்தவும் நமக்கு உரிமை உண்டு.

லூசிட்டேனியன் என்ற சொல்லில் எனக்குப் பிடித்தது இதுதான். கெர்ரி நத்தையை அப்படிச் சொல்லும்போது, அது எப்போது வந்தது, யார் கூட்டி வந்தார்கள், சுத்தமான ஐரிஷா என்ற கேள்வி எதுவும் அதில் இல்லை. இங்கே இருக்கு, இதன் சொந்தம் அங்கேயும் இருக்கு. அவ்வளவுதான். நத்தை திரும்பிப் போகணும் என்று சொல் எதிர்பார்ப்பதில்லை. போர்த்துகீசியம் பேசிக் காட்டு என்று பரீட்சை வைப்பதும் இல்லை. பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குக் காலையில் எழுப்பிக் கூட்டிப் போகிறவன்தான் நானும். தமிழ் வந்தால்தான் தமிழ்ப் பிள்ளை என்று சொல்லாமல், நீ தமிழ்ப் பிள்ளை, இந்தா உன் தமிழ் என்று கொடுக்கலாமே என்றுதான் சொல்றேன். வரிசை மாறினால் பிள்ளையின் முகமும் மாறும்.

'தமிழ் வழியினர்' என்று எங்கள் வீட்டில் இப்போதைக்குப் புழங்குகிறோம். லூசோதெசெந்தெந்தேவின் தூரத்துச் சொந்தம். மகளுக்கு அது நீளமாகத் தெரிகிறதாம். உங்கள் வீட்டில் வேறு சொல் இருந்தால், முக்கியமாகப் பிள்ளைகளே உண்டாக்கின சொல் இருந்தால், எழுதி அனுப்புங்கள்.

இந்த மாதம் பிள்ளைகளோடு செய்ய ஒரு சின்ன வேலை. வீட்டைச் சுற்றி வந்து, போர்த்துகலிலிருந்து வந்த சொற்களை எல்லாம் ஒட்டுத்தாளில் தமிழில் எழுதி அந்தந்தப் பொருளின் மேல் ஒட்டச் சொல்லுங்கள். ஜன்னல், மேசை, அலமாரி, சாவி. பாணும் துவாயும் உங்கள் வீட்டுப் பேச்சில் இருந்தால் அவையும். தமிழ் எழுத்து வராத பிள்ளை ரோமன் எழுத்தில் எழுதட்டும், 1554-ல் லிஸ்பன்காரர்கள் எழுதினார்களே. ஒட்டி முடித்ததும், இதில் எது தமிழ், எது தமிழ் இல்லை என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும்.